அனோவா: தேயிலை மலைக்கு ஏறி வந்த கணக்கு, அதை உருவாக்கிய ரொனால்ட் ஃபிஷர் யார்?

கேமரன் மலையில் திரிங்காப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சமதளம் என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் கிடையாது. சரிவை வெட்டிப் படிப்படியாக ஆக்கித்தான் காய்கறி போடுகிறார்கள். கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் தேயிலைத் தோட்டங்கள், அவையும் சரிவில்தான். மேல் படியில் மண் ஒரு மாதிரி. மழையில் அடித்து வந்த மண் தங்கும் கீழ்ப் படியில் வேறு மாதிரி.

இப்படி ஓர் இடத்தில் 3 வகை உரத்தைப் போட்டுப் பார்க்கிறீர்கள் என்று வெச்சுக்கலாம். ஓர் உரம் போட்ட துண்டில் கொழுந்து கூடுதலாகக் கிடைக்கிறது. அது உரத்தாலா? மண்ணாலா? பறித்தவரின் கைவேகத்தாலா? இல்லை, சும்மா அதிர்ஷ்டமா?

ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியோடு போய் நிற்கும் இடம் அனோவா. தமிழில் மாறுபாட்டுப் பகுப்பாய்வு. உளவியல், மருத்துவம், விவசாயம், வணிகம் என்று எதைப் படித்தாலும் இறுதியாண்டு ஆய்வில் இது எட்டிப் பார்க்கும். பொத்தானை அழுத்தினால் மென்பொருள் ஓர் அட்டவணையைத் தரும். சுமார் நூறு வருடங்களுக்கு முன் அந்த அட்டவணையைக் கையால் போட்டவர் ரொனால்ட் ஐல்மர் ஃபிஷர்.

பார்வை குறைந்த பையன்

ஃபிஷர் பிறந்தது 1890 பிப்ரவரி 17, லண்டனில். சின்ன வயதிலிருந்தே கண்பார்வை மோசம். விளக்கு வெளிச்சத்தில் படிக்கக் கூடாது என்பதால், ஹாரோ பள்ளியில் அவருக்குத் தாளும் பென்சிலும் இல்லாமல் வாயாலேயே கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். விளைவு, எந்தக் கணக்கையும் வடிவமாக மனதுக்குள் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் விடையை மட்டும் எழுதிவிட்டு நடுவில் உள்ள படிகளைத் தாண்டிப் போவார், மற்ற கணிதவியலாளர்கள் தலையைச் சொறிவார்கள்.

1912இல் கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கினார். முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேரப் போனபோது கண் காரணமாகத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு பள்ளி ஆசிரியர் வேலை, கூடவே சின்ன அளவில் விவசாயம். 1918இல் மரபியல் பற்றிய ஒரு நீண்ட கட்டுரையில், தரவுகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை அளக்கும் அளவைக்கு ஆங்கிலத்தில் இன்று நாம் சொல்லும் வேரியன்ஸ் என்ற பெயரை வைத்தார்.

1919இல் அவருக்கு முன்னால் இரண்டு வேலைகள். ஒன்று, அன்றைய புள்ளியியல் உலகின் பெரிய மனிதர் கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில். இன்னொன்று, லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில், தற்காலிகமாக. ஃபிஷர் வயல்காட்டைத் தேர்ந்தெடுத்தார்.

12 உருளைக்கிழங்கு, 66 சண்டைகள்

ராதம்ஸ்டெட்டில் 1843இலிருந்து கோதுமை வயல் சோதனை நடந்துகொண்டிருந்தது. எந்தத் துண்டில் எந்த உரம், எவ்வளவு விளைச்சல் என்று எழுபது வருடத்துக்கு மேல் எழுதிவைத்த நோட்டுகள் குவிந்து கிடந்தன. ஆனால் அவற்றிலிருந்து நம்பகமாக ஒரு முடிவு சொல்வது கஷ்டமாக இருந்தது. உரம், மழை, மண் எல்லாம் ஒரே எண்ணுக்குள் கலந்திருந்தன.

1923இல் வினிஃப்ரட் மெக்கன்ஸியுடன் சேர்ந்து ஃபிஷர் எழுதிய கட்டுரையில்தான் அனோவா அட்டவணை முதன்முதலில் அச்சில் வந்தது. 12 வகை உருளைக்கிழங்கு, வெவ்வேறு உரங்கள். சில வகைகள் உரத்துக்கு நன்றாகவும் சில மந்தமாகவும் பதில் சொல்கின்றனவா என்பதுதான் கேள்வி. பெரிய வித்தியாசம் இல்லை என்று விடை வந்தது. அந்தக் கணக்கிலேயே ஒரு குறை இருந்தது. 1925இல் வந்த தன் நூலில் அதே தரவை அவரே வேறு விதமாகக் கையாண்டார்.

ஏன் இரண்டிரண்டாக ஒப்பிடக் கூடாது? 12 வகையை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டால் 66 ஒப்பீடுகள். ஒவ்வொன்றிலும் தற்செயலால் ஏமாற 5 சதவீத வாய்ப்பு என்றால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் சராசரியாக மூன்று ஜோடிகள் வித்தியாசமானவை போலத் தெரியும். அந்த மூன்றை மட்டும் எடுத்துக் கட்டுரை எழுதினால் முடிந்தது கதை. இன்றும் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஃபிஷரின் யோசனை வேறு. எல்லாக் குழுக்களையும் ஒரே நேரத்தில் பார். குழுக்களுக்கு இடையே உள்ள சிதறலை ஒரு பக்கம் வை. ஒரே குழுவுக்குள் உள்ள சிதறலை இன்னொரு பக்கம் வை. முதலாவதை இரண்டாவதால் வகு.

ஒரு கற்பனைக் கணக்கு

3 உரம், ஒவ்வொன்றுக்கும் 3 தேயிலைத் துண்டுகள். முதல் உரத்தில் 19, 20, 21 கிலோ கொழுந்து. இரண்டாவதில் 23, 24, 25. மூன்றாவதில் 21, 22, 23. சராசரிகள் 20, 24, 22.

இப்போ இன்னொரு தோட்டம். முதல் உரத்தில் 14, 20, 26. இரண்டாவதில் 18, 24, 30. மூன்றாவதில் 16, 22, 28. சராசரிகள் அதே 20, 24, 22தான்.

சராசரியை மட்டும் பார்க்கிறவர் இரண்டு தோட்டத்திலும் இரண்டாவது உரத்தைத்தான் வாங்கச் சொல்வார். சிதறலைப் பாருங்கள். மொத்தச் சராசரி 22. அதிலிருந்து மூன்று சராசரிகளின் தூரத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, துண்டுகளின் எண்ணிக்கை 3ஆல் பெருக்கினால் 24. குழுக்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 2ஆல் வகுத்தால் 12. இது இரண்டு தோட்டத்துக்கும் பொது. குழுவுக்குள் உள்ள சிதறல் முதல் தோட்டத்தில் 6ஐ 6ஆல் வகுக்க 1. இரண்டாவதில் 216ஐ 6ஆல் வகுக்க 36. ஆக விகிதம் முதல் தோட்டத்தில் 12, இரண்டாவதில் 0.33.

உரத்தால் எந்த வித்தியாசமும் இல்லை என்றால் இந்த விகிதம் 1ஐச் சுற்றியே இருக்கும். 9 துண்டு, 3 குழு என்றால் 5 சதவீத எல்லை 5.14. முதல் தோட்டம் அதைத் தாண்டிவிட்டது. இரண்டாவதில், வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அவ்வளவுதான் அனோவா. இதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. ஏதோ ஒரு குழு மாறுபடுகிறது என்று சொல்லும். எது என்று சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். இந்த விகிதத்துக்கு எஃப் என்று பெயர் வைத்ததும் ஃபிஷர் இல்லை. அமெரிக்கரான ஜார்ஜ் ஸ்னெடெகர் 1934இல் ஃபிஷரின் முதல் எழுத்தை எடுத்து வைத்தார்.

சீட்டுக் குலுக்கிப் போடு

கணக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்றை ஃபிஷர் சொன்னார். எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யக் கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் போட வேண்டும். நல்ல மண்ணுக்குத் தெரியாமலே நமக்குப் பிடித்த உரத்தைக் கொடுத்துவிடுவோம் என்பதால்.

சரிவான நிலத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு படியையும் ஒரு தொகுதியாக எடுத்து, அதற்குள் எல்லா உரமும் ஒரு முறை வரும்படி செய்தால், மேல் படி கீழ்ப் படி வித்தியாசத்தைக் கணக்கில் தனியே பிரித்து ஒதுக்கிவிடலாம். 1929இல் வேல்ஸ் நாட்டு மலைச்சரிவு ஒன்றில், ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நெடுக்கிலும் ஒவ்வொரு மரவகையும் ஒரே முறை வரும்படி 5க்கு 5 கட்டமாக ஃபிஷரின் திட்டப்படி காடு நட்டார்கள். அதே 1929இல்தான் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் தேயிலைக்கும் ஃபிஷருக்கும் சம்பந்தம் உண்டு.

தலவாக்கலையிலிருந்து போன எண்கள்

பால் முதலில் ஊற்றினதா, டீ முதலில் ஊற்றினதா என்று ருசித்தே சொல்வேன் என்ற பெண்மணிக்கு 8 கோப்பை வைத்த கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். ஃபிஷரின் 1935 நூலில் வருவது அது. அதிகம் பேசப்படாத கதை வேறொன்று.

ராதம்ஸ்டெட்டில் ஃபிஷரோடு 1927இலும் 1929இலும் கட்டுரை எழுதியவர் டி. ஈடன். அவர் பிறகு இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அது தலவாக்கலையில், செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. தேயிலைத் துண்டுகளின் விளைச்சலில் எவ்வளவு தற்செயல் கலந்திருக்கிறது என்று அளந்து, 1931இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

தேயிலைக்கு ஒரு வசதி உண்டு. உருளைக்கிழங்கு மாதிரி பிடுங்கினால் முடிந்துபோகிற பயிர் இல்லை. அதே செடியில் வருடக்கணக்காகப் பறிக்கிறோம். ஆகவே உரம் போடுவதற்கு முன்பே எந்தத் துண்டு நல்ல துண்டு என்று பார்த்து வைக்கலாம், பிறகு அந்த முன்விளைச்சலைக் கழித்துவிட்டு ஒப்பிடலாம். அனோவாவை இப்படி நீட்டினால் கிடைப்பது இணைமாறுபாட்டுப் பகுப்பாய்வு. ஃபிஷர் தன் 1925 நூலின் பிந்தைய பதிப்பில் இதை விளக்க எடுத்த உதாரணம், ஈடனின் இலங்கைத் தேயிலை: 16 துண்டுகளில் பறித்த கொழுந்தின் எடை.

அந்தக் காலத்தில் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். உலகம் முழுக்க மாணவர்கள் படித்த ஒரு பாடநூலின் எண்கள், யாரோ கூடை சுமந்து நிறுத்துக் கொடுத்தவை. அட்டவணையில் பெயருக்கு இடம் கிடையாது.

இந்தியாவுக்கும் ஃபிஷர் வந்தார். மகாலனோபிஸ் அழைப்பில் 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பின்னாளில் கேம்பிரிட்ஜில் சி.ஆர். ராவ் அவரிடம்தான் முனைவர் பட்டம் செய்தார்.

கணக்கு சரி, மனிதர்?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஃபிஷர் இனமேம்பாட்டுக் கொள்கையை வாழ்நாள் முழுக்க நம்பியவர். மேல்தட்டு மக்கள் குறைவாகப் பிள்ளை பெறுவதால் நாகரிகம் சரிகிறது என்று 1930இல் வந்த தன் மரபியல் நூலில் பல அத்தியாயங்கள் எழுதினார். யார் மேல், யார் கீழ் என்று அவர் போட்ட தரவரிசையில் கொழுந்து பறித்தவர்களுக்கு எந்த இடம் கிடைத்திருக்கும் என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகாது. எல்லாவற்றிலும் சீட்டுக் குலுக்கச் சொன்னவர், பிறப்பு என்ற சீட்டை மட்டும் தகுதி என்று எடுத்துக்கொண்டார்.

1950களில் இன்னொன்று. புகைப்பிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று ஆய்வுகள் காட்டத் தொடங்கின. ஃபிஷர் எதிர்த்தார். யார் புகைக்க வேண்டும் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லையே, புகைக்கும் ஆசைக்கும் நோய்க்கும் பொதுவாக ஒரு மரபணுக் காரணம் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பது அவர் வாதம். கேள்வி தப்பில்லை. குழுக்கள் வேறுபடுகின்றன என்று அனோவா சொன்னால், ஏன் என்று அது சொல்லிவிட்டதாக ஆகாது. ஆனால் வெவ்வேறு நாடுகளிலிருந்து சான்றுகள் சேர்ந்துகொண்டே போனபோதும் அவர் அசையவில்லை. அவர் பைப் புகைப்பவர். புகையிலை நிறுவனங்களின் குழுவுக்குச் சம்பளம் வாங்கும் ஆலோசகராகவும் இருந்தார்.

1952இல் சர் பட்டம் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குப் போனார். 1962 ஜூலை 29இல், குடல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தார்.

அவர் படித்த கேம்பிரிட்ஜ் கல்லூரியின் உணவுக்கூடத்தில் அவர் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருந்தது. 7க்கு 7 கட்டம். எந்த வரிசையிலும் எந்த நெடுக்கிலும் ஒரே நிறம் இரண்டு முறை வராது. 2020இல், இனமேம்பாட்டுக் கருத்துகளைக் காரணம் காட்டி எதிர்ப்புக் கிளம்பியதும், கல்லூரி அதைக் கழற்றி எடுத்துவிட்டது.