பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர்

குட்டீஸ், நெல்லையிலிருந்து குற்றாலச் சாரலுக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாவூர்சத்திரம் எல்லாம் தாண்டித் தென்காசியில் இறங்க வேண்டும். இந்தப் பாதையில் உள்ள சேரன்மகாதேவியில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள்.

முதலமைச்சர் காமராஜரின் கார் ரயில்வே கேட்டில் நின்றது. பக்கத்தில் மாடு மேய்த்துக் கொண்டிருந்த சிறுவனிடம், பள்ளிக்கூடம் போகவில்லையா என்று விசாரித்தார். அங்கே போனால் சோறு யார் போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டானாம்!

வறுமை படிப்பைப் பறிப்பது காமராஜருக்குத் தெரியாததல்ல. 1903 ஜூலை 15-ல் விருதுபட்டியில் (இன்றைய விருதுநகர்) பிறந்த அவர், ஆறு வயதில் அப்பாவை இழந்தார். அம்மா சிவகாமி நகைகளை விற்று, அந்தப் பணத்தின் வட்டியில் குடும்பம் நடத்தினார். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலா எப்படி நடந்தது தெரியுமா? ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பார்கள். அந்த அரிசியைத் திரட்டித்தான் பள்ளியை நடத்தினார்கள்!

அங்கே ஒரு விநாயகர் சதுர்த்தி. பிரசாதத்துக்குப் பையன்கள் முண்டியடித்தார்கள். காமராஜர் தள்ளி நின்றதால் கொஞ்சம்தான் கிடைத்தது. எல்லோரும் ஒரே மாதிரிதானே காசு கொடுத்தோம், பங்கும் ஒரே மாதிரிதானே வரவேண்டும் என்று வீட்டில் கேட்டாராம். நியாயமான கேள்விதான், இல்லையா?

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சுதந்திரப் போராட்டம், பல ஆண்டுகள் சிறை. 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார்.

பள்ளியில் சோறு போடலாம் என்று அவர் சொன்னபோது, பணத்துக்கு எங்கே போவது என்ற தயக்கம் எழுந்தது. அவர் விடவில்லை. தேவைப்பட்டால் ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுக்கவும் தயார் என்று மேடையிலேயே அறிவித்தார். ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் இப்படிச் சொல்வது சாதாரண விஷயமா! 1956-ல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் மக்களைத் திரட்டினார். அரிசி, பருப்பு, காய்கறி, விறகு, பாத்திரம் என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பிடி அரிசி மறுபடி வேலை செய்தது!

அடுத்த ஆண்டு அரசும் செலவைப் பகிர்ந்து கொண்டது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா. அதில் ஆறு பைசா அரசு தரும். மீதி ஊர்ப் பொறுப்பு. பத்துப் பைசாவில் வயிறு நிறையும். ஆனால் வளரும் உடம்புக்குச் சோறும் குழம்பும் மட்டும் போதுமா? புரதம் வேண்டாமா? 1961-ல் அமெரிக்காவின் ‘கேர்’ அமைப்பு பால் பவுடரும் எண்ணெயும் கொடுத்து உதவியது. தட்டில் கொஞ்சம் சத்தும் சேர்ந்தது.

1963 அக்டோபர் 2-ல் காமராஜர் பதவியை விட்டார். 1975-ல் அதே அக்டோபர் 2-ல் மறைந்தார். அவர் ஏற்றிய அடுப்பு அணையவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989-ல் முட்டை வந்தது. பிறகு சுண்டல், பச்சைப்பயறு எல்லாம் சேர்ந்தன. கடையில் விற்கும் மசாலா பாக்கெட்டில் இந்தச் சத்தெல்லாம் கிடைக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்!

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் தமிழகம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. தென்காசி, குற்றாலப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் முதல் மணி அடிப்பதற்கு முன்பே உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகத் தட்டுக்கு வந்தது.