கிளிப்பிள்ளைக்குப் பேச்சுக் கொடுத்தவர்

ஒரு நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பேராசிரியர் ஒருவரின் காரியதரிசி, கம்ப்யூட்டருடன் இணைத்த தட்டச்சு யந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். ஏதோ தட்டினாள். கம்ப்யூட்டர் பதில் கொடுத்தது. மறுபடி தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பிப் பார்த்து, பேராசிரியரை அறைக்கு வெளியே போகும்படி கேட்டுக் கொண்டாள்!

பேராசிரியர் திகைத்தார். கம்ப்யூட்டரைப் பேச வைத்தவரே அவர்தான். அதற்காக அவர் பல மாதம் பாடுபட்டதை அவள் கண்ணால் பார்த்தவள். உள்ளே ஆள் யாரும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம். 1923 ஜனவரி 8-ந் தேதி பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியின் கொடுமையால் 1936-ல் குடும்பம் அமெரிக்காவுக்கு ஓடியது. அப்போது அவருக்கு 13 வயது. டெட்ராய்ட் நகரில் கணிதம் படித்தார். யுத்த காலத்தில் ராணுவத்தில் வானிலை பார்க்கும் வேலை. பிறகு ஒரு பெரிய வங்கிக்குக் காசோலைக் கணக்குக் கம்ப்யூட்டர் அமைப்பதில் பங்கு கொண்டார். 1963-ல் கழகத்தில் சேர்ந்தார்.

சொன்னதைத் திருப்பிச் சொல்

பேசும் திட்டத்துக்கு எலிசா என்று பெயர் வைத்தார். பெர்னார்ட் ஷா நாடகத்தில் நாகரிகமாகப் பேசக் கற்றுக்கொள்ளும் பூக்காரியின் பெயர் அது.

தந்திரம் மிக எளியது. நாம் எழுதும் வரியில் தனக்குத் தெரிந்த சொல் இருக்கிறதா என்று எலிசா தேடும். அம்மா என்று இருந்தால், குடும்பத்தைப் பற்றி மேலும் கேட்கும். 'என்' என்பதை 'உங்கள்' என்று மாற்றி, நம் வரியையே கேள்வியாகத் திருப்பும். ஒன்றுமே அகப்படாவிட்டால், மேலே சொல்லுங்கள் என்று சொல்லிவிடும்! நோயாளியின் பேச்சையே திருப்பிக் கேட்கும் மனநோய் வைத்தியரைப் போல அதை நடிக்க வைத்தார். அப்படிப்பட்ட வைத்தியருக்கு ஊர் உலகம் தெரிந்திருக்க வேண்டியதில்லையே! இன்று குடும்பக் குழுவில் பேசுவதற்குப் பொழுதுபோக்காகச் சிறு திட்டம் எழுதும் பிள்ளைகள் பலர் தொடங்குவதும் இதே வித்தையில்தான்.

1966-ல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். ரகசியத்தை உடைத்துச் சொன்னால் மயக்கம் தீரும் என்று எண்ணினார். தீரவில்லை. எலிசாவுடன் நடக்கும் பேச்சுக்களையெல்லாம் பதிவு செய்து பார்க்கலாம் என்றார். அந்தரங்கத்தை வேவு பார்ப்பதா என்று ஜனங்கள் சீறினார்கள். மனநோய் வைத்தியர்கள் சிலரோ, ஆஸ்பத்திரிகளில் இதையே வைத்தியத்துக்கு வைக்கலாம் என்றார்கள். அப்போதுதான் அவர் உண்மையாகவே பயந்தார்.

கணக்குப் போடுவது வேறு, நியாயம் பார்ப்பது வேறு என்று வாதாடி 1976-ல் ஒரு புத்தகம் எழுதினார். மனிதனின் துயரத்தை உணர வேண்டிய இடத்தில் யந்திரத்தை உட்கார வைக்கக் கூடாது என்றார். கூட வேலை செய்தவர்களே கோபித்துக் கொண்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. பிடிவாதக்காரர்தான், ஆனால் தான் பெற்ற பிள்ளையின் குற்றத்தை ஊரறியச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

1996-ல், துரத்திய பெர்லினுக்கே திரும்பிப் போனார். 2008 மார்ச் 5-ந் தேதி, 85-ம் வயதில் காலமானார்.

எலிசாவின் மூலப் பிரதி காணாமலே இருந்தது. 2021-ல் கழகத்தில் பாதுகாத்து வைத்திருந்த அவருடைய பழைய காகிதங்களுக்குள் அது அகப்பட்டது. ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து 2024 டிசம்பரில் அதை மறுபடி ஓட வைத்தார்கள். எலிசா பேசினாள்.