பின்னால் வருபவரை வணங்கிய மன்னன்!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அருவிக்கு ஆட்கள் திரண்டு வருவார்கள். குளித்து முடித்தவர்களில் பலர், 5 கிலோ மீட்டர் தள்ளியிருக்கும் தென்காசிக்கும் ஒரு நடை வந்து போவார்கள்.

அங்கே காசி விசுவநாதர் கோயில் கோபுரம் வானளாவ நிற்கிறது. ஒன்பது நிலைகள். ஏறக்குறைய 180 அடி உயரம். கோபுர வாசலில் காற்று புகுந்து, வேட்டியையும் சேலையையும் படபடக்க வைக்கும்.

இந்தக் கோயிலைக் கட்டியவன் யார்?

பராக்கிரம பாண்டியன்!

கட்டினோம், நம் வேலை முடிந்தது என்று அவன் இருந்துவிடவில்லை. தனக்குப் பிறகும் பலர் உழைத்தால்தான் கோயில் நிலைக்கும் என்று அறிந்திருந்தான். முகம் தெரியாத அந்த உழைப்பாளிகளுக்கு முன்கூட்டியே ஒரு வணக்கம் சொல்லி வைத்தான். அவன் கதை இது.

அண்ணன் தம்பி சண்டை

பாண்டியரின் பழைய தலைநகர் மதுரை. அங்கே மாறவர்மன் குலசேகர பாண்டியன் புகழோடு ஆண்டான். அவனுக்குச் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்று இரண்டு மைந்தர்கள். தாய்மார் வேறு வேறு.

தந்தைக்குப் பின் அரியணை யாருக்கு? இருவரும் மோதிக்கொண்டார்கள். நாடு இரண்டுபட்டது.

வீட்டுக்குள் சண்டை என்றால் வெளியே நிற்பவனுக்குக் கொண்டாட்டம். 1311-ம் ஆண்டில் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக்காபூர் பெரும் படையோடு மதுரைக்கு வந்தான். நகரம் சூறையாடப்பட்டது. பின்னர் சில பத்தாண்டுகள் மதுரையைச் சுல்தான்கள் ஆண்டார்கள். அவர்களை வென்று விஜயநகரப் படை வந்தது.

பாண்டியர் தெற்கே ஒதுங்கினார்கள். மலையடிவாரத்தில், சிற்றாற்றங்கரையில், தென்காசியைத் தலைநகராகக் கொண்டார்கள். பெரிய வீட்டை இழந்து, சின்ன வீட்டுக்குக் குடிவந்த கதைதான்!

அந்தச் சின்ன வீட்டில், 1422-ல் பட்டத்துக்கு வந்தவன்தான் அரிகேசரி பராக்கிரம பாண்டியன்.

வழி காட்டிய எறும்பு

அந்த நாளில் காசிக்குப் போவது எளிதல்ல. மாதக் கணக்கில் நடக்கவேண்டும். போனவர் திரும்பி வருவது நிச்சயம் இல்லை.

சிவபெருமான் மன்னன் கனவில் தோன்றி, தெற்கே ஒரு காசி அமைக்கும்படி சொன்னாராம். எறும்புச் சாரை போகும் வழியே போய், அது முடியும் இடத்தில் கோயில் எழுப்பச் சொன்னாராம். ஊரில் வழங்கி வரும் தலபுராணக் கதை இது.

மன்னனுக்கு வழி காட்ட யானை வரவில்லை. சிங்கம் வரவில்லை. எறும்பு வந்தது! ஓர் எறும்பால் நகர்த்த முடியாததை நூறு எறும்புகள் சேர்ந்து இழுத்துப் போய்விடும். அவன் தொடங்க இருந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டி ஏது?

ஊர் கூடிச் செய்த வேலை

1446-ல் திருப்பணி தொடங்கியது.

பெரிய கோயிலை ஒரு கை கட்ட முடியாது. பாறையை வெட்டி எடுக்க ஒரு கூட்டம் வேண்டும். அதை இழுத்து வர ஒரு கூட்டம் வேண்டும். கோபுரத்தின் அடிப்பகுதி கல். மேல் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும். செங்கல் சுட ஆள் வேண்டும். சாந்து அரைக்க ஆள் வேண்டும். சாரம் கட்ட ஆள் வேண்டும். இத்தனை பேருக்கும் சோறு ஆக்கவும் ஆள் வேண்டும்.

கல் வந்து சேராவிட்டால் சிற்பியின் உளிக்கு வேலை இல்லை. சாந்து அரைபடாவிட்டால் கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். சாரம் கட்டுகிறவன் ஒரு முடிச்சைத் தளர விட்டால், உயரத்தில் நிற்பவன் உயிருக்கே ஆபத்து!

பார்க்கிறவர் கண்ணில் படுவது சிற்பம். மண்டபத் தூண்களில் வீரபத்திரரும், தாண்டவம் ஆடும் சிவனும், காளியும், மன்மதனும், ரதியும் உயிரோடு நிற்பதுபோல் நிற்கிறார்கள். ஆனால் கல் சுமந்தவன் தோள் இல்லாமல் அந்த ரதி இல்லை. சாந்து அரைத்தவள் கை இல்லாமல் அந்தக் கோபுரம் இல்லை.

தம்பி கொடுத்த தோள்

ஆண்டுகள் ஓடின. மூலவர் கோயில் எழுந்தது. மண்டபங்கள் எழுந்தன. கோபுரமும் வளர்ந்து வந்தது.

1463-ல் பராக்கிரம பாண்டியன் காலமானான். கோபுர வேலை முடியவில்லை.

இனி என்ன? அரைகுறையாக நின்றுவிடுமா?

நிற்கவில்லை. தம்பி குலசேகர பாண்டியன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். தன் பெயர் விளங்கத் தனியாக வேறொரு கோபுரம் தொடங்கியிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. அண்ணன் விட்ட இடத்திலிருந்து எழுப்பி, கோபுரத்தை முடித்தான்.

மதுரையில் அண்ணன் தம்பி பிரிந்தார்கள். பாண்டிய நாடு தளர்ந்தது. தென்காசியில் அண்ணன் தம்பி சேர்ந்தார்கள், கோபுரம் உயர்ந்தது!

கல்லில் ஒரு வணக்கம்

மன்னன் தன் எண்ணத்தைக் கோயிலிலேயே கல்வெட்டாகப் பொறித்து வைத்தான். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை வரலாம். அப்போது யார் வந்து அந்தக் குறையைப் போக்கிக் காப்பாற்றினாலும், அவரை உலகம் அறியப் பணிகிறேன் என்பது அதன் கருத்து.

அவர் எந்த ஊர், எந்தக் குலம், எவ்வளவு பணம் படைத்தவர் என்று அவன் கேட்கவில்லை. வேலையைச் செய்கிறாரா? அது போதும். முடி சூடிய தலை அவருக்கு வணங்கும்!

மன்னன் அஞ்சியபடியே குறை வந்தது. கோபுரம் சிதைந்தது. நெடுங்காலம் முழு உருவம் இழந்து நின்றது. பிறகு பலர் பொருள் கொடுத்தார்கள். பலர் உழைப்பைக் கொடுத்தார்கள். புதுக் கோபுரம் எழுந்து, 1990-ல் குடமுழுக்கு நடந்தது. பராக்கிரம பாண்டியன் சொல்லி வைத்த வணக்கம், 500 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, உரியவர்களைச் சேர்ந்தது.

இன்னும் அந்த வணக்கம் தீர்ந்துவிடவில்லை. கோபுர இடுக்கில் ஓர் ஆலஞ்செடி முளைத்தால், வேர் இறங்கிச் சுவரைப் பிளந்துவிடும். அதைச் சின்னதிலேயே கண்டு, ஏறிப் பிடுங்கி எறிகிறவர் யாரோ, அவருக்கும் அதில் பங்கு உண்டு.