சமநிலை மன்னன் கார்ல் ஸ்லெக்டர்

சதுரங்கத்தில் ஆட்டம் சமநிலையில் முடிந்தது என்றால் நம்மில் பலருக்குச் சப்பென்று ஆகிவிடும். இருவரும் பயந்துபோய்க் கைகுலுக்கிக் கொண்டார்கள் என்றே நினைப்போம். ஆனால், சமநிலை காண்பதிலேயே பெயர் பெற்ற ஒருவர், தமக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரே ஒரு சமநிலையைக் கோட்டைவிட்ட கதை இது.

கார்ல் ஸ்லெக்டர் 1874ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்தார். 1893இல், 19 வயதில், கியோர்க் மார்கோவுடன் பத்து ஆட்டங்கள் ஆடினார். பத்தும் சமநிலை! அதற்காக அவரைக் கோழை என்று எண்ணிவிடாதீர்கள். 1906இல் ஒஸ்டெண்ட் நகரிலும் 1910இல் ஹம்பர்க்கிலும் நடந்த பெரும் போட்டிகளில் முதலிடம் பெற்றவர் அவர்.

1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 1894 முதல் உலக வெற்றியாளராக இருந்த இமானுவேல் லாஸ்கருடன் மோதினார். மொத்தம் பத்தே ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் ஸ்லெக்டரின் கை ஓங்கியிருந்தது. இருவரிடமும் யானைகளும் சில சிப்பாய்களுமே மிஞ்சிய நிலையில், லாஸ்கர் ஒதுங்கி நின்று காக்கவில்லை. சிப்பாயை விட்டுக்கொடுத்துத் தம் யானைக்கு வழி திறந்தார். ஆட்டம் சமநிலை. இப்படிப்பட்ட சமநிலையை வெற்றிக்குக் குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

அடுத்த மூன்றும் சமநிலை. ஐந்தாவதில் ஸ்லெக்டர் வென்றார். பிறகு நான்கும் சமநிலை. பெர்லினில் பத்தாவது ஆட்டம் தொடங்கியபோது அவர் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தார். இன்னொரு சமநிலை போதும், லாஸ்கரை வென்றவர் என்ற பெயர் நிச்சயம். ஆயினும் அவர் துணிந்து தாக்கினார். ராஜாவுக்குத் தொடர்ந்து 'செக்' வைத்துச் சமநிலை காணும் வழியும் இருந்தது, அதையும் தவறவிட்டார். 71 நகர்வுகளில் தோல்வி. போட்டி 5-5 என்று முடிய, பட்டம் லாஸ்கரிடமே தங்கியது.

பட்டத்தைப் பெற இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததா, அதனால்தான் அப்படி ஆடினாரா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். என் மனத்திற்கு, அன்று அவர் வெறுமனே நல்ல சதுரங்கம் ஆட விரும்பினார் என்றே படுகிறது.

பின்னர், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பில்குவர் கையேட்டின் எட்டாம் பதிப்பை உருவாக்கினார். அதற்குள் உலகப் போர் மூண்டது. போட்டிகள் குறைந்தன, உணவுப் பஞ்சம் வியன்னாவை வாட்டியது. 1918 டிசம்பரில் ஆடுவதற்காகப் புடாபெஸ்ட் சென்றவர், 27ஆம் நாள் அங்கேயே நிமோனியாவால் இறந்தார். பட்டினியால் உடல் முன்பே நலிந்திருந்தது. வயது 44.