திமீத்ரி மெண்டெலீவ்

திமீத்ரி இவானொவிச் மெண்டெலீவ் (பெப்ரவரி 8, 1834 – பெப்ரவரி 2, 1907) ரஷ்யாவைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். தனிமங்களை அவற்றின் அணு எடையின் ஏறுவரிசையில் அடுக்கினால் அவற்றின் பண்புகள் குறிப்பிட்ட இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன என்னும் ஆவர்த்தன விதியை 1869 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவ்விதியின் அடிப்படையில் அமைந்ததே தனிம அட்டவணை (ஆவர்த்தன அட்டவணை) ஆகும். தனிமங்களை வகைப்படுத்த இவருக்கு முன்னரும் சிலர் முயன்றுள்ளனர். ஆயினும் அட்டவணையில் வெற்றிடங்களை விட்டு, அவற்றில் இடம்பெற வேண்டிய தனிமங்களின் பண்புகளை அவை கண்டுபிடிக்கப்படும் முன்னரே கணித்துக் கூறியதே இவரது தனிச்சிறப்பு எனலாம்.

இளமைக் காலம்

மெண்டெலீவ் சைபீரியாவில் உள்ள தொபோல்ஸ்க் நகரில் ஒரு பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். தந்தை இவான் பாவ்லொவிச் பள்ளித் தலைமை ஆசிரியராகப் பணியாற்றியவர். மெண்டெலீவ் பிறந்த ஆண்டிலேயே அவர் பார்வையிழந்து பணியை விட்டு விலக நேர்ந்தது. தாயார் மரியா திமீத்ரியெவ்னா, தம் பிறந்த வீட்டாருக்குச் சொந்தமான கண்ணாடித் தொழிற்சாலையை ஏற்று நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1847 இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு அத்தொழிற்சாலையும் தீக்கிரையானது.

கடைசி மகனை எவ்வாறேனும் படிக்க வைத்துவிட வேண்டும் என்று தாயார் உறுதி கொண்டார். 1849 இல் அவனை அழைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து மாஸ்கோவை அடைந்தார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. பின்னர் சென் பீட்டர்ஸ்பேர்க் சென்று, கணவர் பயின்ற ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் 1850 இல் மகனைச் சேர்த்தார். அதே ஆண்டில் தாயார் காலமானார். பல ஆண்டுகளுக்குப் பின், 1887 இல் வெளியிட்ட கரைசல்கள் பற்றிய தமது ஆய்வு நூலை மெண்டெலீவ் தாயாரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.

கல்வியும் பணியும்

மெண்டெலீவ் 1855 இல் தங்கப் பதக்கத்துடன் தேர்ச்சி பெற்றார். உடல்நலக் குறைவு காரணமாகத் தென்பகுதிக்குச் சென்று, சிம்பெரோபோலிலும் ஒடெசாவிலும் சிறிது காலம் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1859 முதல் 1861 வரை ஜெர்மனியின் ஐடெல்பேர்க் நகரில் ஆய்வு மேற்கொண்டார். புன்சனும் கிர்க்காஃபும் நிறமாலைமானியின் உதவியுடன் சீசியம், ருபீடியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்தது இதே நகரில், இதே காலத்தில் ஆகும்.

1860 இல் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த பன்னாட்டு வேதியியலாளர் மாநாட்டில் மெண்டெலீவ் கலந்துகொண்டார். அக்காலத்தில் ஒரே தனிமத்துக்கு வெவ்வேறு ஆய்வாளர்கள் வெவ்வேறு அணு எடைகளைப் பயன்படுத்தி வந்தனர். இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ, சீரான அணு எடைகளைப் பெறும் முறையை அம்மாநாட்டில் எடுத்துரைத்தார். நம்பத்தக்க எண்கள் கிடைத்த பின்னரே தனிமங்களை வரிசைப்படுத்துவது பொருளுள்ளதாயிற்று. நாடு திரும்பிய மெண்டெலீவ் 1865 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1867 இல் சென் பீட்டர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் பொது வேதியியல் பேராசிரியரானார்.

தனிம அட்டவணை உருவான விதம்

ஆவர்த்தன விதி ஒரு பாடநூல் எழுதும் முயற்சியில் பிறந்தது. மாணவர்களுக்கு ஏற்ற ரஷ்ய மொழி நூல் இல்லாததால், 'வேதியியலின் கோட்பாடுகள்' என்னும் நூலை மெண்டெலீவ் எழுதத் தொடங்கினார். முதற் பாகத்தில் ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் ஆகியவற்றையும், குளோரின் போன்ற ஆலசன்களையும் (உப்பீனிகள்) விளக்கி முடித்தார். அன்று அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. எஞ்சிய ஐம்பதுக்கும் மேற்பட்ட தனிமங்களை எந்த ஒழுங்கில் விளக்குவது என்பது சிக்கலாயிற்று.

ஆலசன்களுக்கு அடுத்ததாக அவர் கார உலோகங்களை எடுத்துக்கொண்டார். இவ்விரு குடும்பங்களும் வேதிவினைகளில் நேரெதிரானவை. ஆனால் அணு எடைகளை அருகருகே எழுதினால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது:

* புளோரின் 19 – சோடியம் 23
* குளோரின் 35.5 – பொட்டாசியம் 39
* புரோமின் 80 – ருபீடியம் 85
* அயோடின் 127 – சீசியம் 133

ஒவ்வோர் ஆலசனையும் அடுத்துச் சற்றே கூடுதலான எடையுடன் ஒரு கார உலோகம் வருகிறது. ஏனைய குடும்பங்களையும் இவ்வாறே எடை வரிசையில் பொருத்திப் பார்த்தபோது, பண்புகள் திரும்பத் திரும்ப வருவதை மெண்டெலீவ் உணர்ந்தார். அவரது முதல் அட்டவணை மார்ச் 1, 1869 (பழைய ரஷ்ய நாட்காட்டியில் பெப்ரவரி 17) நாளிட்டது. அதே மாதம் ரஷ்ய வேதியியல் கழகக் கூட்டத்தில் அவருக்குப் பதிலாக மென்சூட்கின் இதனை அறிவித்தார். அட்டவணை மெண்டெலீவின் கனவில் தோன்றியது என்று ஒரு கதை பரவலாக வழங்குகிறது. ஆயினும் பல ஆண்டுகள் அணு எடைகளுடனும் இணைதிறன்களுடனும் உழைத்ததன் விளைவே இது.

உலோகங்களின் வினைகளும் அட்டவணையும்

ஒரு தனிமத்தின் இடம் தெரிந்தால் அது எவ்வாறு வினைபுரியும் என்று பெரும்பாலும் கூறிவிடலாம் என்பதே அட்டவணையின் பயன். எடுத்துக்காட்டாக, கார உலோகங்கள் அனைத்தும் நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனையும் காரக் கரைசலையும் தருகின்றன. லித்தியம் அமைதியாக வினைபுரிகிறது. சோடியம் உருகிச் சிறு உருண்டையாக நீரின் மேல் ஓடுகிறது. பொட்டாசியத்தின் வினையில் வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றி ஊதா நிறச் சுடருடன் எரிகிறது. ருபீடியமும் சீசியமும் வெடிப்புடன் வினைபுரிகின்றன. குடும்பத்தில் எடை கூடக் கூட வினைத்திறனும் கூடுகிறது.

ஒரே வரிசையில் இடமிருந்து வலமாகச் சென்றால் மற்றோர் ஒழுங்கு காணப்படும். சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் ஆகியவற்றின் ஓர் அணு முறையே 1, 2, 3, 4 குளோரின் அணுக்களுடன் சேர்கிறது. சோடியத்தின் ஆக்சைடு வலிமையான காரத்தன்மை கொண்டது. அலுமினியத்தின் ஆக்சைடு அமிலத்துடனும் காரத்துடனும் வினைபுரியும். கந்தகத்தின் ஆக்சைடுகள் அமிலத்தன்மை கொண்டவை. மெண்டெலீவ் தமது அட்டவணையின் தொகுதிகளை இத்தகைய ஆக்சைடுகளின் வாய்பாடுகளைக் கொண்டே குறித்தார்.

திருத்தங்கள்

சில தனிமங்களுக்கு அன்று ஏற்கப்பட்டிருந்த அணு எடைகள் அட்டவணையுடன் பொருந்தவில்லை. அவ்விடங்களில் விதியைக் கைவிடாமல், அணு எடைதான் பிழை என்று மெண்டெலீவ் துணிந்து கூறினார். இண்டியத்தின் ஓர் அணு ஓர் ஆக்சிஜன் அணுவுடன் சேர்கிறது என்று கொண்டு, அதன் அணு எடை ஏறத்தாழ 76 எனக் கருதப்பட்டது. அந்த எடைக்கு அருகில் ஆர்செனிக், செலீனியம் ஆகியவை இருந்தமையால் இண்டியத்துக்கு இடமில்லை. இண்டியத்தின் இணைதிறன் அலுமினியத்தைப் போல் மூன்று என்று கொண்டால் அணு எடை ஏறத்தாழ 113 ஆகி, காட்மியத்துக்கும் வெள்ளீயத்துக்கும் இடையில் சரியாக அமர்ந்துவிடும். வெப்ப ஏற்புத்திறன் அளவீடுகள் இதனை உறுதி செய்தன. இவ்வாறே பெரிலியத்தின் அணு எடையை ஏறத்தாழ 14 இலிருந்து 9 ஆகவும், யுரேனியத்தின் அணு எடையை 120 இலிருந்து 240 ஆகவும் மாற்றினார். இவையும் பின்னர் ஏற்கப்பட்டன.

முன்னறிவிப்புகள்

1871 இல் வெளியிட்ட விரிவான கட்டுரையில் அலுமினியம், போரான், சிலிக்கன் ஆகியவற்றின் குடும்பங்களில் விடுபட்டிருந்த மூன்று தனிமங்களின் பண்புகளை மெண்டெலீவ் விளக்கினார். அவற்றுக்கு ஏக-அலுமினியம், ஏக-போரான், ஏக-சிலிக்கன் எனப் பெயரிட்டார். 'ஏக' என்பது ஒன்று எனப் பொருள்படும் சமசுகிருதச் சொல். அட்டவணையில் ஓர் இடம் தள்ளி என்பதை அது குறித்தது. தவறினால் விதியே பொய்த்துப்போகும் என்ற அளவுக்கு எண்களுடன் இவற்றைக் கூறியிருந்தார்.

முதற் சோதனை 1875 இல் வந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் புவாபோத்ரான் காலியம் என்னும் புதிய உலோகத்தைக் கண்டுபிடித்தார். இதுவே ஏக-அலுமினியம் என்றார் மெண்டெலீவ். ஆனால் அவர் கணித்த அடர்த்தி 5.9, புவாபோத்ரான் அளந்தது 4.7. உலோகத்தை நன்கு தூய்மைப்படுத்தி மீண்டும் அளக்குமாறு, அவ்வுலோகத்தைக் கண்ணால் கூடக் கண்டிராத மெண்டெலீவ் கேட்டுக்கொண்டார். மறு அளவீட்டில் 5.9 கிடைத்தது. அதன் பின்னரே ஐரோப்பிய வேதியியலாளர்கள் பலர் ஆவர்த்தன விதியைக் கூர்ந்து நோக்கத் தொடங்கினர்.

1879 இல் சுவீடனைச் சேர்ந்த நில்சன் ஸ்காண்டியத்தைக் கண்டுபிடித்தார். அது ஏக-போரானுடன் பொருந்தியது. 1886 இல் ஜெர்மனியின் விங்கிளர் கண்டறிந்த ஜெர்மானியம் ஏக-சிலிக்கனாக அமைந்தது. அதன் ஒப்பீடு வருமாறு (முதலில் கணிப்பு, அடுத்து அளவீடு):

* அணு எடை: 72, 72.3
* அடர்த்தி: 5.5, 5.47
* ஆக்சைடின் அடர்த்தி: 4.7, 4.7
* குளோரைடின் கொதிநிலை: 100 °C க்கும் கீழ், 86 °C

ஏனைய முயற்சிகள்

பிரான்சின் டி சான்கூர்துவா (1862), இங்கிலாந்தின் நியூலாந்து (1865), ஜெர்மனியின் லோத்தர் மேயர் (1864, 1870) ஆகியோரும் தனிமங்களில் இத்தகைய ஒழுங்கைக் கண்டிருந்தனர். மேயரின் பணியை மதித்து, இலண்டன் அரச கழகம் 1882 இல் டேவி பதக்கத்தை இருவருக்கும் சேர்த்தே வழங்கியது.

தவறிய இடங்கள்

மெண்டெலீவின் கணிப்புகள் அனைத்தும் பலிக்கவில்லை. டெலூரியத்தின் அணு எடை (128) அயோடினை விடக் கூடுதல். பண்புகளைக் கருதி டெலூரியத்தை முன்னே வைத்த அவர், அதன் அணு எடை பிழையானது என நம்பினார். வைத்த இடம் சரி; கூறிய காரணம் தவறு. 1913 இல் ஹென்றி மோஸ்லி, அட்டவணையின் வரிசையைத் தீர்மானிப்பது அணு எடை அன்று, அணு எண்ணே என எக்சு-கதிர் ஆய்வுகளால் காட்டினார்.

1894 இல் ராலேயும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டறிந்தபோது, எதனுடனும் வினைபுரியாத அவ்வளிமத்துக்கு அட்டவணையில் இடமே இல்லை. அது மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்ததாக இருக்கலாம் என மெண்டெலீவ் முதலில் கருதினார். பின்னர் மந்த வாயுக்களைத் தனித் தொகுதியாக ஏற்றுக்கொண்டார். அணுவுக்குள் எலக்ட்ரான் இருப்பதையும், கதிரியக்கத்தில் ஒரு தனிமம் மற்றொன்றாக மாறுவதையும் இறுதிவரை ஐயுற்றார். ஹைட்ரஜனை விட இலேசான தனிமமாக ஈதரை அட்டவணையில் சேர்க்கவும் முயன்றார். ஒரு தொகுதியில் உள்ள தனிமங்கள் ஒத்த முறையில் வினைபுரிவது, அவற்றின் வெளிக்கூட்டில் ஒரே எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் இருப்பதனால் என்பது பின்னர் அறியப்பட்டது. அவர் ஏற்க மறுத்த எலக்ட்ரானே அவரது விதிக்கு விளக்கமாக அமைந்தது.

பிற பணிகளும் இறுதிக் காலமும்

மெண்டெலீவ் எண்ணெய்த் தொழிலை ஆராய 1876 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குச் சென்றார். 1887 இல் சூரிய கிரகணத்தைக் காண்பதற்காகத் தன்னந்தனியே பலூனில் பறந்தார். 1880 இல் ரஷ்ய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க மறுத்தது. 1890 இல் மாணவர்களின் கோரிக்கை மனுவை அமைச்சரிடம் கொண்டு சென்றதைத் தொடர்ந்து பல்கலைக்கழகப் பதவியைத் துறந்தார். 1893 முதல் எடை மற்றும் அளவை அலுவலகத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1899 இல் ரஷ்யாவில் மெட்ரிக் முறை விருப்ப முறையாக அனுமதிக்கப்பட்டதில் இவருக்குப் பங்குண்டு.

1905 இல் இலண்டன் அரச கழகத்தின் கோப்லி பதக்கம் கிடைத்தது. 1906 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசுக்கு இவரைக் குழு பரிந்துரைத்தது. ஆனால் ஆவர்த்தன விதி மிகப் பழையது என்ற வாதம் எழுந்தது. சுவீடன் அறிவியல் கழகம் பரிசை, புளோரினைப் பிரித்தெடுத்த பிரான்சின் முவாசானுக்கு வழங்கியது. மெண்டெலீவால் குறைகூறப்பட்ட கொள்கையை உருவாக்கிய அர்ரீனியசின் செல்வாக்கும் இதற்குக் காரணம் என வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். மெண்டெலீவ் பெப்ரவரி 2, 1907 அன்று சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் காலமானார். முவாசானும் அதே மாதத்தில் இறந்தார்.

நினைவு

1955 இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஆல்பர்ட் கியோர்சோ, கிளென் சீபோர்க் முதலியோர் உருவாக்கிய 101 ஆம் தனிமத்துக்கு மெண்டெலீவியம் எனப் பெயரிடப்பட்டது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அறிவியலாளர்கள் ஒரு ரஷ்யரின் பெயரைச் சூட்டியது குறிப்பிடத்தக்கது. அவரது முதல் அட்டவணையின் 150 ஆவது ஆண்டான 2019 ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுத் தனிம அட்டவணை ஆண்டாகக் கொண்டாடியது. 63 தனிமங்களுடன் தொடங்கிய அட்டவணை 118 தனிமங்கள் கொண்டதாக விரிந்துள்ளது.