நடுங்கும் கைக்கு ஒரு டாக்டர்: பி.ராமமூர்த்தி

ஸ்ரீரங்கத்துல எங்க தாத்தாவுக்கு பார்க்கின்சன்ஸ். சும்மா மடியில கிடக்கிற கை தானா நடுங்கும். ஆனா காபி டம்ளரை எடுக்கணும்னா அதே கை கிளம்பவே நேரமாகும். மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் பரவாயில்ல. இந்த மாத்திரையே வராத காலத்துல என்ன பண்ணாங்கன்னு தேடினப்போ கிடைச்ச பெயர்தான் டாக்டர் பி.ராமமூர்த்தி. திருச்சியில பள்ளிப் படிப்பு படிச்சவர்!

1922 ஜனவரி 30-ல் சீர்காழியில் பிறந்தார். அப்பா அரசு மருத்துவர். திருச்சி இ.ஆர். ஹைஸ்கூல், அப்புறம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். 1947-ல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ்., அடுத்து இங்கிலாந்தின் நியூகாசிலில் நியூரோசர்ஜரி பயிற்சி. 1950-ல் ஊர் திரும்பி, சென்னை அரசு பொது மருத்துவமனையில் நியூரோசர்ஜரி பிரிவைத் தொடங்கினார். அப்போ அவருக்கு வயசு 28. நம்மள விட ஏழு வயசுதான் அதிகம்.

கையைத் தூக்கணும்னு கட்டளை போடுறது மூளையோட மேற்பரப்பான கார்டெக்ஸ். எந்தக் கட்டளை போகலாம், எது நிக்கணும்னு பார்க்கிறது ஆழத்துல இருக்கிற பேசல் கேங்லியா. அதோட பதில் தாலமஸ் வழியா கார்டெக்ஸுக்கே திரும்பும். நம்ம பாஷையில ஃபீட்பேக் லூப். பார்க்கின்சன்ஸில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிய அழிய இந்த லூப் கெட்டுப்போகுது. பிரேக் பிடிச்ச வண்டி மாதிரி உடம்பு இறுகிடும், கை நடுங்கும்.

1960-களில் ராமமூர்த்தியும், உடன் பணியாற்றிய வி.பாலசுப்பிரமணியம், டி.எஸ்.கனகா ஆகிய மருத்துவர்களும் அந்த லூப்பிலேயே ஆபரேஷன் செய்தார்கள். சி.டி. ஸ்கேன் இல்லாத காலம். தலையில் ஒரு ஃபிரேம் பொருத்தி, எக்ஸ்ரே பார்த்து, எக்ஸ், ஒய், இசட் கணக்குப் போட்டு, சின்ன துளை வழியா மெல்லிய கருவியை இறக்கி, தாலமஸில் ஒரு புள்ளியை மட்டும் செயலிழக்க வைக்கிற முறை. நோயாளி விழிச்சிட்டே இருப்பார். கணக்கு சரின்னா மேஜை மேலேயே நடுக்கம் நிக்கும். சில மில்லிமீட்டர் தப்பினா பேச்சு பாதிக்கலாம், கை கால் விழுந்துடலாம். நமக்கு கணக்கு தப்பினா அரியர்தான்!

இதனால நோய் குணமாகாது. நடுக்கம் மட்டும்தான் அடங்கும். 1960-களின் கடைசியில் லெவோடோபா மருந்து வந்ததும் இந்த ஆபரேஷன் குறைஞ்சுபோச்சு. ஆனா இப்போ மூளைக்குள்ள எலக்ட்ரோடு வச்சு மின்தூண்டல் கொடுக்கிற சிகிச்சையும் அதே லூப்பைத்தான் குறி வைக்குது.

ராமமூர்த்தி 2003 டிசம்பர் 13-ல் காலமானார். நான் பிறக்கிறதுக்கு முன்னாடி.

தாத்தா டம்ளரை எடுக்க லேட் பண்ணினா எரிச்சல்பட்டு நானே எடுத்துக் கொடுத்துடுவேன். தாத்தா மனசுல கட்டளை எப்பவோ போட்டாச்சு, வழியிலதான் மாட்டிக்கிட்டிருக்குன்னு இப்போ தெரியுது. அதனால இப்பல்லாம் காத்திருக்கேன்.