எழுதுகோல் பிடித்த தொழிலாளி

தமிழிலே ஆசிரியர் என்றொரு சொல். பள்ளியில் பாடம் சொல்பவரும் ஆசிரியர். பத்திரிகை நடத்துபவரும் ஆசிரியர். முதல் வேலையை விட்டு இரண்டாவது வேலைக்கு வந்தவர், வந்த பிறகும் முதல் வேலையைக் கைவிடாதவர் ஒருவர் உண்டு. அவர்தாம் திரு.வி.க.! பத்திரிகை ஆசிரியர் என்ற தொழிலை ஒருவர் எங்கே கற்கிறார், அதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்று அறிய விரும்பும் தோழர்கள் அவருடைய வாழ்வைப் படிக்க வேண்டும்.

1883 ஆகஸ்ட் 26-இல், அந்நாள் செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்ற சிற்றூரில் பிறந்தார். படித்தது சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளி. இடையிலே நோய் வந்து கை கால்களை முடக்கிற்று; படிப்பு சில ஆண்டுகள் நின்றது. மீண்டும் பள்ளிக்குச் சென்றபோது யாழ்ப்பாணத்துக் கதிரைவேற் பிள்ளை வாய்த்தார். தமிழை அள்ளி அள்ளி ஊட்டினார். 1904-இல் அந்த ஆசிரியர் தொடர்பான வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றம் சென்றார் மாணவர். அதனால் இறுதித் தேர்வை எழுத முடியவில்லை. பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது. ஆசானா, தேர்வா என்ற கேள்விக்கு அந்த இளைஞர் தந்த விடை அது!

பிறகு ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கர் வேலை. நாட்டுப்பற்று நெஞ்சில் ஏறியவருக்கு அந்த நாற்காலி ஒட்டுமா? ஒட்டவில்லை. 1910 முதல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஆசிரியர். அதன்பின் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். மாதம் பிறந்தால் சம்பளம், மதிப்பான இடம். அதையும் உதறிவிட்டு 1917 டிசம்பர் 7-இல் தொடங்கிய 'தேசபக்தன்' நாளேட்டின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அப்போது வயது முப்பத்து நான்கு.

அந்நாளில் தமிழ் நாளேடு நடத்துவது எளிதா? உலகச் செய்தி ஆங்கிலத் தந்தியாக வரும். தலைவர்கள் மேடையில் ஆங்கிலத்தில் முழங்குவர். அவற்றைத் தமிழில் தருகிறோம் என்று வடமொழியையும் ஆங்கிலத்தையும் கலந்து தருவார்கள். படித்தவனுக்கே பாதி விளங்கும்; பாடுபடுபவன் எங்கே போவான்? திரு.வி.க. தம் ஏட்டில் நல்ல தமிழைக் குடியேற்றினார். அரசியலைத் தமிழில் சொல்ல முடியும், தலையங்கத்தைத் தமிழில் தீட்ட முடியும் என்று நாள்தோறும் எழுதிக் காட்டினார். வகுப்பறையில் பிள்ளைக்கு விளங்கும்வரை விளக்கிய பழக்கம், அச்சுக்கூடத்தில் கை கொடுத்தது. அதனால்தான் சொல்கிறோம், முதல் வேலையை அவர் கைவிடவில்லை என்று.

எழுதியதோடு நின்றாரா? இல்லை. பெரம்பூர் ஆலைத் தொழிலாளரின் துயரைக் கண்டு செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் முனைந்தனர். வாடியா தலைமை ஏற்றார். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் துணைத் தலைவர்களுள் ஒருவரானார் 'தேசபக்தன்' ஆசிரியர். காலையில் தலையங்கம், மாலையில் தொழிலாளர் கூட்டம்!

அதே ஆண்டு செப்டம்பரில் இடி விழுந்தது. மனைவி கமலாம்பிகை மறைந்தார். பிறந்த இரு குழந்தைகளும் முன்பே இறந்துபோயிருந்தன. வீடு வெறுமையாயிற்று. மறுமணம் செய்துகொள்ளவில்லை. எழுதுகோலையும் கீழே வைக்கவில்லை.

1920-இல் 'தேசபக்த'னிலிருந்து விலகினார். இரண்டரை ஆண்டு உழைத்து வளர்த்த ஏடு கைவிட்டுப் போயிற்று. வேறொருவர் என்றால் பழைய பள்ளிக்கூடத்தைத் தேடிப் போயிருப்பார். அவரோ அதே ஆண்டு அக்டோபர் 22-இல் 'நவசக்தி' வார ஏட்டைத் தொடங்கினார். அதில் 1923-இல் துணையாசிரியராகச் சேர்ந்து தொழில் பழகிய இளைஞர்தாம், பிற்காலத்தில் கல்கி என்று நாடறிந்த கிருஷ்ணமூர்த்தி. நல்ல ஆசிரியர் ஏட்டை மட்டுமா உருவாக்குவார்? இன்னோர் ஆசிரியரையும் உருவாக்குவார்.

1921. பெரம்பூரில் பெரும் வேலைநிறுத்தம். துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் மாய்ந்தன. கவர்னர் வெலிங்டன் பிரபு, திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்திவிடுவதாக எச்சரித்தார். அந்த வேளையில் குறுக்கே நின்று தடுத்தவர் யார் தெரியுமா? நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி. தியாகராயர்! திரு.வி.க.வின் ஏடு யாருடைய கட்சியை நாள்தோறும் தாக்கியதோ, அவரே வந்து காத்தார். 1925 காஞ்சி மாநாட்டில் தலைவராக இருந்த திரு.வி.க., வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடம் தரவில்லை. பெரியார் காங்கிரசை விட்டே வெளியேறினார். அதற்குப் பிறகும் இருவர் நட்பும் முறியவில்லை. கொள்கையைத் தாக்குவார், ஆளை இழிவு செய்யமாட்டார் என்று எதிரணியும் நம்பிய பேனா அவருடையது. அந்த நம்பிக்கை ஒரே நாளில் வருவதா? ஒவ்வொரு வரியாகச் சேர்த்த சொத்து அது.

வேறு சொத்து அவர் சேர்க்கவில்லை. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலே, அறுபதைக் கடந்த வயதில், ஆலைத் தொழிலாளர் போராட்டத்துக்காக வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். பின்னர் கண்ணொளி மங்கியது. படிக்க இயலாது, எழுத இயலாது. தாம் சொல்ல, மற்றவர் எழுத, நூல்கள் வந்தன. 1953 செப்டம்பர் 17-இல் கண்மூடினார். சென்னையில் தொழிலாளர் வாழும் வடபகுதியில் அவர் பெயரால் திரு.வி.க. நகர் இருக்கிறது.

சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதும் தோழனே! கிளைக் கூட்டச் செய்தியை ஏட்டுக்கு அனுப்பும் தம்பி! பட்டம் இல்லையே என்று கலங்காதே. தேர்வு எழுதாதவர்தாம் தமிழ் ஏட்டுக்கு இலக்கணம் வகுத்தார். எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பார். ஆலை வாயிலில் நிற்பவனுக்கு அது விளங்குமா? மாற்றான் படித்தால் சினம் கொள்ளலாம். உன்னைப் பொய்யன் என்று சொல்ல அவனுக்கு இடம் இருக்கிறதா? இந்த இரண்டையும் பார்த்துத் திருத்து. பிறகு அச்சுக்கு அனுப்பு.